பதின்வயதினரின் வாழ்க்கையைப் பொய்யில்லாமல் குறும்படமாக்க: முழுமையான வழிகாட்டி

பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களை மையமாக வைத்து, 15 முதல் 20 நிமிடம் ஓடும் சுயாதீனக் குறும்படம் எடுக்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊர், நடித்துப் பழக்கமில்லாத பிள்ளைகள், ஏழு பேர் கொண்ட குழு, ஐந்து நாள் படப்பிடிப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கேமராவில் இல்லை, வேலையின் வரிசையில்தான். முழு ஸ்கிரிப்டையும் எழுதி முடித்துவிட்டு, அதில் இருக்கும் பையனுக்கு ஆள் தேடுகிறார்கள். கிடைக்கிற பையனுக்கு அந்த வசனம் வாயில் வராது. அந்த மாதிரி வீட்டில் அவன் இருந்ததே இல்லை. பிறகு அவனைத் திருத்துவதிலேயே ஐந்து நாளும் போய்விடும். இங்கே சொல்லப்படும் வரிசை: முதலில் ஊர், அடுத்து பிள்ளைகள், வசனம் கடைசியில்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

காலம் ஐந்து மாதம். கவனிப்புக்கு நான்கு வாரம், ஆள் தேட மூன்று, பயிற்சிக்கு ஆறு, படப்பிடிப்புக்கு ஒன்று, எடிட்டிங்குக்கும் ஒலிக்கும் எட்டு. எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்றால் எடிட்டிங்கில் குறையுங்கள், பயிற்சியில் கை வைக்காதீர்கள்.

குழுவில் இயக்குநர், ஒளிப்பதிவாளர், அவருக்கு ஓர் உதவியாளர், ஒலிப்பதிவாளர், கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருப்பது) பார்க்கும் அசிஸ்டன்ட் டைரக்டர், தயாரிப்பு நிர்வாகி, பிள்ளைகளுக்கு மட்டுமே பொறுப்பான ஒருவர். கடைசி ஆளிடம் வேறு வேலை எதையும் கொடுக்கக் கூடாது. சாப்பாடு, கழிப்பறை, ஓய்வு, வீட்டுக்குப் போன் என எல்லாம் அவர் கையில். 'அசிஸ்டன்டே பார்த்துக்கொள்வார்' என்று விட்டால், மூன்றாவது மணி நேரத்தில் ஒரு பிள்ளை பசியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். அடுத்த ஷாட்டில் அந்த முகம் உங்களுக்கு ஒத்துழைக்காது.

கருவிகளில் ஒரு கேமரா, 35 மி.மீ., 50 மி.மீ. லென்ஸ்கள், ஒரு பூம் மைக் (கம்பில் நீட்டிப் பிடிப்பது), இரண்டு லேப்பல் மைக் (சட்டையில் குத்துவது), தனி ரெக்கார்டர் ஆகியவை போதும். பணம் இடித்தால் லென்ஸ் வாடகையைக் குறைத்துவிட்டு ஒலிக்குக் கொடுங்கள். காரணம் பத்தாவது பகுதியில் வருகிறது.

ஹார்ட் டிஸ்க் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். பிள்ளைகளைப் பேசவிட்டு எடுக்கும்போது, ஒரு நிமிடப் படத்துக்குப் பதினைந்து நிமிடம் வரை பதிவாகும். 15 நிமிடப் படத்துக்கு 225 நிமிடம். நொடிக்கு 100 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும் என்பதால், மொத்தம் 170 ஜிபி அளவுக்கு வரும். மூன்று பிரதி எடுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

2. கதைக்கு முன் பருவம்

பள்ளிப் பிள்ளையின் ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதம் விடுமுறையும் ரிசல்ட்டும். கதை இந்த ஆண்டில் எந்த வாரத்தில் நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அரையாண்டுக்கு முந்தைய வாரத்தில் ஒரு பிளஸ் டூ மாணவி மாலை ஐந்து மணிக்குக் குளக்கரையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அவள் அங்கே இருந்தால், டியூஷனுக்குப் போகவில்லை என்று அர்த்தம். அது தானாகவே கதையாகிவிடும்.

படப்பிடிப்புக்கு மே மாதம் வசதி. பிள்ளைகள் கிடைப்பார்கள், பள்ளிக் கட்டிடமும் காலியாக இருக்கும். ஆனால் ஜூன், ஜூலையில் நடக்கும் கதையைத் தென்காசிப் பக்கம் வைத்துக்கொண்டு மே மாதம் எடுத்தால், அங்கே அடிக்கும் சாரல் காற்று படத்தில் இருக்காது. ஊர்க்காரர்கள் முதல் ஷாட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கதையையே மே மாதத்துக்கு மாற்றுவது எளிது. இல்லையென்றால் காலாண்டு விடுமுறையைக் குறிவையுங்கள்.

3. நான்கு வாரக் கவனிப்பு

ஒரு நோட்டு போதும். கேமராவோ குரல் பதிவோ வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் பதிவு செய்வது தவறு. தெரிந்து பதிவு செய்தால் அவர்கள் இயல்பாக இருக்க மாட்டார்கள்.

போக வேண்டிய இடங்கள்: பள்ளி விடும் நேரத்துப் பேருந்து நிறுத்தம், டியூஷன் சென்டர் மாடிப்படி, சைக்கிள் ஸ்டாண்ட், பள்ளிக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடை, கபடியோ கிரிக்கெட்டோ ஆடும் மைதானம், ஊர் நூலகம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே நேரத்தில் மூன்று நாளாவது போங்கள். பள்ளி நிர்வாகத்துக்கோ டியூஷன் ஆசிரியருக்கோ நீங்கள் யார் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளி வாசலில் நோட்டோடு நிற்கும் அந்நியரை யாருக்கும் பிடிக்காது. பிடிக்கக் கூடாது என்பதுதான் நியாயமும்கூட.

நோட்டில் நான்கு தலைப்பு போதும்.

பணம்: கையில் எவ்வளவு இருக்கிறது, யார் கொடுத்தது, ஒரு பப்ஸை எத்தனை பேர் பிட்டுக்கொள்கிறார்கள், யார் எப்போதும் கடன் சொல்கிறார்கள்.

போன்: சொந்தமா, அம்மாவுடையதா, அண்ணன் தூங்கிய பிறகு எடுப்பதா, டேட்டா எத்தனை மணிக்குத் தீர்கிறது.

வழி: வீட்டுக்குப் போகும் பாதை, சுற்றிப் போகும் பாதை, யாரைத் தவிர்க்க அந்தச் சுற்று.

தனிமை: ரகசியம் பேசவும் அழவும் எங்கே போகிறார்கள்.

இந்த நான்காவது தலைப்பில்தான் பெரும்பாலான படங்கள் தோற்கின்றன. எழுதுபவர் தன்னையறியாமல் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு தனியறை கொடுத்துவிடுகிறார். கட்டில், மேசை விளக்கு, சுவரில் படங்கள், தாழிடும் கதவு. சின்ன ஊர்களில் பல வீடுகளில் அப்படி ஓர் அறையே கிடையாது. ஹாலில் பாய் விரித்து நான்கு பேர் படுக்கிறார்கள். படிப்பு டிவிக்குப் பக்கத்தில், போன் பேச்சு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அழுகை குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. அறையை எடுத்துவிட்டு இதை வையுங்கள். வசனமே இல்லாமல் காட்சி நிற்கும். கதவு இல்லாத வீட்டில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவதே ஒரு கதைதான்.

4. ஒரு பக்கக் கதையும் காட்சிப் பட்டியலும்

இப்போது எழுதலாம், ஒரே ஒரு பக்கம். பிள்ளைக்கு என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும், எது தடுக்கிறது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வசனம் கூடாது.

பிரச்சினையின் அளவைக் கவனியுங்கள். போதை, தற்கொலை, காதல் ஓட்டம் ஆகிய மூன்றில் ஒன்றை எடுத்தால்தான் கனமான படம் என்று நினைப்பவர்கள் அதிகம். 15 நிமிடத்தில் அவை செய்தித்தாள் தலைப்பாகச் சுருங்கிவிடும். சுற்றுலாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் 350 ரூபாய் கட்ட வேண்டும், அதை அப்பாவிடம் கேட்க முடியவில்லை என்பது போதுமான கதை. அந்த 350 ரூபாய்க்குப் பின்னால் வீட்டின் நிலை, அப்பாவின் குடி, நண்பனின் வசதி எல்லாம் தானாக வந்து நிற்கும். தற்கொலை முயற்சியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், அதன் முறையைத் திரையில் காட்டாதீர்கள். பார்ப்பவர்களில் அதே வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அடுத்து 14 முதல் 16 காட்சிகள் கொண்ட பட்டியல். ஒவ்வொன்றுக்கும் மூன்றே வரி: எங்கே, யார் யார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தக் காட்சி தேவையில்லை.

5. பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தல்

இன்ஸ்டாகிராமில் 'நடிக்க ஆள் தேவை' என்று போட்டால் ரீல்ஸ் செய்து பழகிய முகங்கள் வரும். அவர்களிடம் திறமை இருக்கும், ஆனால் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பு முகத்தை விட்டுப் போகாது. பள்ளி ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், நூலகர் ஆகியோர் வழியாகத் தேடுங்கள். மூன்று முக்கியப் பாத்திரங்களுக்கு 60 பிள்ளைகளையாவது பார்க்க வேண்டியிருக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் மூன்று நாளில் முடியும். சந்திப்பு பள்ளியிலேயே நடக்கட்டும், ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இருக்கட்டும்.

அழச் சொல்லாதீர்கள், வசனத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். இந்த மூன்றைச் செய்யச் சொல்லுங்கள்.

ஒன்று, பள்ளியிலிருந்து வீட்டுக்கு வழி சொல்லச் சொல்லுங்கள். 'அந்த நாய் இருக்குற வீடு தாண்டி' என்று சொல்லும் பிள்ளைக்கு ஊர் கண்ணில் இருக்கிறது. இரண்டு, கொஞ்சம் வேர்க்கடலை கொடுத்து, ஒரு நிமிடம் பேசாமல் உரிக்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கத் தெரிந்த பிள்ளை கிடைப்பது அரிது. மூன்று, கூட வந்த நண்பனோடு ஏதாவது ஒன்றைப் பற்றிச் சண்டை போடச் சொல்லுங்கள். அதில் பேசுபவரை விட்டுவிட்டு, கேட்பவரைப் பாருங்கள். எதிராளி பேசும்போது முகம் உயிரோடு இருக்கும் பிள்ளையை எடுங்கள்.

நண்பர்களாக நடிக்க நிஜ நண்பர்களையே எடுப்பது பாதி வேலையைக் குறைக்கும். தோளில் கை போடும் விதத்தையும் ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துத் தின்பதையும் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

பையன்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் குரல் உடையும். தேர்ந்தெடுக்கும்போது மென்மையாக இருந்த குரல், டப்பிங் தியேட்டருக்குப் போகும்போது வேறு ஆளின் குரலாகியிருக்கும். உயரமும் மேலுதட்டு ரோமமும் அப்படித்தான். 'விட்டுப்போன இரண்டு ஷாட்டை மூன்று மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்' என்ற திட்டம் இந்த வயதினரிடம் செல்லாது.

தேர்வானவர்களின் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் முழுக் கதையையும் சொல்லுங்கள், குறிப்பாக அவர்களுக்குச் சங்கடம் தரக்கூடிய காட்சியை முதலில். பாதிப் படப்பிடிப்பில் அப்பா வந்து பையனைக் கூட்டிக்கொண்டு போவதற்குக் காரணம், பெரும்பாலும் இந்த ஒரு பேச்சு நடக்காமல் போனதுதான். தேர்வாகாதவர்களுக்கும் நேரில் சொல்லுங்கள். அவர்களும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

6. அனுமதியும் சட்டமும்

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, 2017 விதிகளின்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். உறுதிமொழிப் படிவம், பிள்ளைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், பொறுப்பாளரின் பெயர் ஆகியவற்றை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம், பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். 'குறும்படம்தானே' என்று விதியில் விலக்கு எதுவும் இல்லை.

18 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் இதே நேரக் கணக்கைப் பின்பற்றுங்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகு பிள்ளைகள் செட்டில் இருக்க வேண்டாம்.

புகை, மது வரும் காட்சியில் பிள்ளை கையில் நிஜப் பொருளைக் கொடுக்கவே கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-ன்படி சிறாருக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நெருக்கமான காட்சி இருந்தால் 18 வயது நிறைந்த, இளமையாகத் தெரியும் நடிகர்களை எடுங்கள். பாலியல் செயலைச் சிறாரை வைத்துப் பாவனையாகக் காட்டுவதும் போக்சோ சட்டத்துக்குள் வரும். அதைவிட நல்ல வழி, அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் நடப்பதை எடுப்பது. பார்வையாளருக்கு அது போதும்.

அரசுப் பள்ளி வளாகத்துக்குத் தலைமை ஆசிரியர் வாயால் சொன்ன சம்மதம் போதாது, துறையின் எழுத்து அனுமதி வேண்டும். ரயில் நிலையம் என்றால் ரயில்வேயிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் நாள் பிடிக்கும் என்பதால் பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

7. ஆறு வாரப் பயிற்சி

வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம். மொத்தம் 24 மணி நேரம்.

முதல் இரண்டு வாரம் கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். விளையாட்டு, சமையல், சேர்ந்து கடைக்குப் போவது மட்டும். கேமரா அறையில் இருக்கட்டும், ஓடிக்கொண்டும் இருக்கட்டும். இரண்டாவது வாரக் கடைசியில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். அதுவரை எடுத்த பதிவை அழித்துவிடுவதாகப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சொன்னபடி அழித்தும் விடுங்கள்.

மூன்று, நான்காவது வாரங்களில் சூழலை மட்டும் கொடுங்கள்: 'உனக்கு இவன் நூறு ரூபாய் தரணும். ஆனா இன்னைக்கு இவனுக்குப் பிறந்தநாள்.' இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியக் கூடாது. அப்போதுதான் கேட்பது நிஜமாகும். பிரெஞ்சு இயக்குநர் லோரான் கான்தே 2008-இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற தம் பள்ளிக்கூடப் படத்துக்கு, பாரிஸ் மாணவர்களோடு ஒரு கல்வியாண்டு முழுக்க இப்படிப் பட்டறை நடத்தினார். நம்மிடம் இருப்பது ஆறு வாரம், ஆனால் வழி அதேதான்.

கடைசி இரண்டு வாரம் காட்சிப் பட்டியலை எடுங்கள். நிஜ இடத்திலேயே செய்து பாருங்கள். ஒவ்வொரு காட்சியும் நன்றாக வரத் தொடங்கிய உடனே நிறுத்துங்கள். முழுமையாக வரும்வரை ஒத்திகை பார்த்தால், படப்பிடிப்பு நாளில் அதன் நகல்தான் கிடைக்கும்.

அழ வைப்பதற்காகப் பிள்ளையின் சொந்தத் துக்கத்தைக் கிளறாதீர்கள். 'உன் பாட்டி செத்ததை நினைச்சுக்கோ' என்பது இன்னும் சில செட்டுகளில் நடக்கிறது. அது கொடுமை, உபயோகமும் இல்லை. அழுகையை விட, அழுகையை அடக்கிக்கொண்டு சைக்கிள் பூட்டைத் திறக்கப் பார்க்கும் கைதான் திரையில் நிற்கும்.

8. வசனத்தை எழுதுதல்

இப்போதுதான் வசனம். பயிற்சியில் பிள்ளைகள் சொன்னதிலிருந்து எடுங்கள். காட்சிக்கு மாறாமல் நிற்க வேண்டிய மூன்று, நான்கு வரிகளை மட்டும் உறுதி செய்யுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெரியவர்கள் எழுதும் இளையோர் பேச்சில் தவறாமல் வரும் பிழைகள் மூன்று. முதலாவது, வாக்கியத்துக்கு ஒரு 'மச்சி', 'ப்ரோ'. நிஜத்தில் அந்தச் சொல் தேவைப்படும் இடத்தில் மட்டும்தான் வரும்: கடன் கேட்கும்போது, சமாதானம் பேசும்போது. இரண்டாவது, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது. பதினைந்து வயதில் 'எங்க போன?' என்றால் 'ஏன்?' என்பதுதான் பதில். மூன்றாவது, ஊர் கலந்த பேச்சு. நெல்லைப் பையன் வாயில் சென்னைச் சொல் வரலாம், யூடியூப் பார்த்துக் கற்றிருப்பான். ஆனால் அம்மாவிடம் அந்தச் சொல்லை எடுக்க மாட்டான். ஒரே பிள்ளை நண்பனிடம், டீச்சரிடம், அம்மாவிடம் மூன்று விதமாகப் பேசும் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் சரிபாருங்கள்.

கெட்ட வார்த்தைகளைப் பற்றி: பிள்ளைகள் பேசுவார்கள். படத்தில் வைப்பதா என்பதைப் பெற்றோரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். வைப்பதில்லை என்றால், மென்மையான மாற்றுச் சொல்லைத் திணிக்காதீர்கள். வாயில் பாதி வந்து நிற்கும் இடத்தில் காட்சியை வெட்டிவிடலாம்.

9. உடை, தலைமுடி, போன்

புதிய சீருடை திரையில் மின்னும். பிள்ளைகளின் சொந்தப் பழைய சீருடையை வாங்கிக்கொண்டு, பள்ளியின் பெயரும் சின்னமும் தெரியாமல் மாற்றுங்கள். முடியாவிட்டால் புதிய துணியை எட்டுப் பத்து முறை துவைத்துவிட்டுக் கொடுங்கள். இரட்டைப் பின்னல், ரிப்பன், பையின் அறுந்த வாரில் போட்ட ஊக்கு ஆகியவற்றைக் கவனிப்பு நோட்டிலிருந்து எடுங்கள்.

படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்பிருந்து கடைசி நாள் வரை முடி வெட்டக் கூடாது, மருதாணி கூடாது, கோயில் கயிறு புதிதாகக் கட்டக் கூடாது. இதை அம்மாக்களிடம் சொல்ல வேண்டும், பிள்ளைகளிடம் சொல்லிப் பயனில்லை. மூன்றாம் நாள் காலையில் பையன் ஒட்ட வெட்டிய தலையோடு வந்து நின்றால், அதற்கு எடிட்டிங்கில் மருந்து கிடையாது.

திரையில் வரும் வாட்ஸ்அப் செய்திகளைத் தூய தமிழில் தட்டாதீர்கள். பிள்ளைகள் பெரும்பாலும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், அதுவும் உயிரெழுத்துகளை விழுங்கிவிட்டு. பாதிக்குமேல் வாய்ஸ் நோட்டும் ஸ்டிக்கரும்தான். நடிக்கும் பிள்ளையிடமே போனைக் கொடுத்துத் தட்டச் சொல்லுங்கள். யாருடைய நிஜ எண்ணும் படமும் திரையில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. படப்பிடிப்பு

நேரம்: காலை 8.30 முதல் 11.00, மாலை 3.30 முதல் 6.00. சட்டம் சொல்லும் ஐந்து மணி நேரம் இதில் சரியாக அடங்கும், உச்சிவெயிலும் தானாகத் தவிரும். நடுவில் இருக்கும் நேரத்தில் பெரியவர்களின் ஷாட்டுகள், காலி இடங்கள், ஒலிப் பதிவுகள். இரவுக் காட்சியை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி வீட்டுக்குள் பகலிலேயே எடுங்கள். வெளியே என்றால் சூரியன் மறைந்த அந்த இருபது நிமிடம்தான். அன்று மாலை வேலையை ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்குங்கள்.

வரிசை: முடிந்தவரை கதை வரிசையில் எடுங்கள். பிரிட்டிஷ் இயக்குநர் கென் லோச் இப்படித்தான் எடுத்தார், அடுத்து நடக்கப் போவதை நடிகர்களுக்கு முன்கூட்டியே முழுதாகச் சொன்னதும் இல்லை. அனுபவமில்லாத பிள்ளைக்கு 'இப்போ நீ அவனோட சண்டை போட்டு முடிஞ்சிருச்சு' என்று விளக்குவதை விட, நேற்று நிஜமாகவே அந்தக் காட்சியைச் செய்திருப்பது மேல். முதல் நாள் எல்லோரும் விறைப்பாகத்தான் இருப்பார்கள் என்பதால், படத்தின் தொடக்கக் காட்சிகளை நடை, சைக்கிள், பேருந்து என்று பேச்சில்லாமல் அமைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா: பிள்ளையின் கண் மட்டத்தில் வையுங்கள், நிற்கும் பதின்மூன்று வயதுக்காரருக்கு ஏறக்குறைய நாலரை அடி. ஒளிப்பதிவாளர் தன் வசதிக்குத் தோளில் வைத்தால், படம் முழுக்கப் பெரியவர் ஒருவர் மேலிருந்து பார்ப்பது போலவே இருக்கும். தரையில் சாக்பீஸ் குறி போட்டு அங்கே நிற்கச் சொல்லாதீர்கள். முகத்துக்கு ஒளி அமைக்காமல் அறைக்கு ஒளி அமைத்தால், அவர்கள் எங்கே நகர்ந்தாலும் பிடிக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. 1/60-இல் விட்டால் டியூப் லைட் காட்சியில் பட்டை பட்டையாக ஓடும்.

டேக்: 'ஆக்‌ஷன்' என்று கத்த வேண்டாம். பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கேமராவை ஓடவிட்டு, கையசைத்துத் தொடங்குங்கள். ஐந்தாறு டேக்குக்கு மேல் சூடு ஆறிவிடும். அதற்குள் வரவில்லை என்றால் தவறு காட்சியில் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை. செய்யும் வேலையை மாற்றிப் பாருங்கள். உட்கார்ந்து பேச வராத வசனம் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினால் வந்துவிடும். எடுத்ததை மானிட்டரில் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். அடுத்த டேக்கில் முடியைச் சரிசெய்துகொண்டு வருவார்கள்.

ஒலி: நம் ஊர்ப் பழக்கம் என்னவென்றால், கேமராவுக்குப் பின்னால் நின்று அசிஸ்டன்ட் வசனத்தை எடுத்துக்கொடுப்பார், பிள்ளை திருப்பிச் சொல்லும், பிறகு டப்பிங். இந்த வகைப் படத்தை இது கொன்றுவிடும். எடுத்துக்கொடுத்த வசனத்தைச் சொல்லும் முகத்தில் ஒரு நொடி காத்திருப்பு இருக்கும், அதை எந்த எடிட்டரும் மறைக்க முடியாது. டப்பிங் தியேட்டரில் நின்று தன் சொந்த முனகலைத் திரும்ப முனகவும் பிள்ளைகளால் முடியாது. அதனால்தான் ஒலிக்குப் பணம் வையுங்கள் என்றது.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். டேக் ஓடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு விசிறி ஓடும் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் எடுத்து அடியில் சேருங்கள், விசிறிச் சத்தமே இல்லாத மே மாத வீடு நம்பும்படி இருக்காது. ஃபிரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், இல்லையென்றால் திரும்பப் போட மறந்து அந்த வீட்டுப் பால் கெட்டுவிடும். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிட ரூம் டோன் (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் சத்தம்) எடுங்கள். முந்தைய வாரமே கோயில் திருவிழாத் தேதியைக் கேட்டு வையுங்கள். குழாய் ரேடியோ கட்டிவிட்டால் அந்த நாள் போயிற்று.

11. எடிட்டிங்

முதல் வடிவம் 25 நிமிடம் வரும். வெட்டும்போது மௌனங்களை முதலில் எடுப்பது வழக்கமான தவறு. பெரியவர்கள் விளக்கம் சொல்லும் வரிகளை முதலில் எடுங்கள். அடுத்து, எல்லோருக்கும் புரிந்துவிட்ட பிறகும் தொடரும் காட்சி முடிவுகளை. பேசுபவரின் ஷாட்டை விடக் கேட்பவரின் ஷாட் நல்லதாக இருந்தால் அதிலேயே நில்லுங்கள்.

இசையைக் கடைசி வரை போடாதீர்கள். தற்காலிகமாகப் போட்ட சோக வயலின் மேல் வெட்டப்பட்ட படம், அந்த வயலின் இல்லாமல் நிற்காது.

படத்தோடு தொடர்பில்லாத, அதே வயதுடைய ஆறு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். கேள்வி கேட்காதீர்கள், பக்கவாட்டில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பாருங்கள். நீங்கள் நினைக்காத இடத்தில் சிரித்தால், அங்கே ஏதோ பொய் இருக்கிறது.

12. பாட்டு, வசனவரி, அனுப்புதல்

பேருந்தில் ஓடும் சினிமாப் பாட்டு, பையன் முணுமுணுக்கும் வரி இரண்டுக்கும் உரிமை வாங்க வேண்டும், இல்லையென்றால் இணையத்தில் ஏற்றிய அன்றே கோரிக்கை வந்து நிற்கும். பேருந்துக் காட்சியை எடுப்பதற்கு முன்பே டிரைவரிடம் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். வசனத்தோடு கலந்து பதிவான பாட்டைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. பிறகு உங்கள் இசையமைப்பாளர் போட்ட ஒரு குத்துப்பாட்டைத் தகர ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதைத் திரும்பப் பதிவு செய்து சேருங்கள்.

ஆங்கில வசனவரி இரண்டு வரிக்குள், வரிக்கு 42 எழுத்துக்குள் இருக்கட்டும். 'டேய்', 'டி' ஆகியவற்றுக்கு மாற்றுச் சொல் தேடி அலையாதீர்கள், குரலிலேயே அது கேட்கும். ஆனால் பிள்ளை அப்பாவிடம் 'நீங்க' என்பதிலிருந்து 'நீ'க்கு இறங்கும் இடம் கதைக்கு முக்கியம் என்றால், வாக்கியத்தைச் சுருக்கியோ கடுமையாக்கியோ அந்த மாற்றத்தைக் காட்டியாக வேண்டும்.

விழாக்களுக்கு அனுப்ப நினைத்தால் யூடியூபில் ஏற்றாமல் வைத்திருங்கள். சில விழாக்கள் ஏற்கெனவே இணையத்தில் வந்ததை எடுப்பதில்லை, விதிமுறைகளைப் படித்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள். தியேட்டரில் பொதுக் காட்சி என்றால் தணிக்கைச் சான்று தேவை.

எங்கே அனுப்புவதற்கு முன்பும் நடித்த பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் முழுப் படத்தையும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள். ஏதாவது ஒரு ஷாட்டை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடலாம் என்ற நிலையில் கோப்பு இருக்கும்போதே காட்டுங்கள், டிசிபி (தியேட்டரில் ஓட்டும் இறுதிக் கோப்பு) போட்ட பிறகு அல்ல. திங்கட்கிழமை அதே பள்ளிக்குப் போகப் போவது அவர்கள்தான்.